கையில் போன் இருக்கிறது, கம்ப்யூட்டர் தெரியுமா?

முதலாமாண்டு லேப் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களிடம் பேசிப்பாருங்கள். ஊர் மாறலாம், கல்லூரி மாறலாம், சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். பையன் ரீல்ஸ் போடுவதில் கில்லாடி. வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, எழுத்து ஓடவிட்டு, பஸ் வருவதற்குள் முடித்துவிடுவான். அவனையே டெஸ்க்டாப் முன்னால் உட்காரவைத்து ஒரு பக்கம் டைப் செய்யச் சொன்னால் திணறிப்போகிறான். சேவ் பண்ணிய ஃபைல் எங்கே போனது என்று தெரியவில்லை. பெரிய எழுத்து வேண்டுமானால் கேப்ஸ் லாக்கைப் போட்டு, ஒரே ஒரு எழுத்து அடித்து, மறுபடி கேப்ஸ் லாக்கை எடுக்கிறான். ஷிஃப்ட் என்ற பட்டன் எதற்கு இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதாக எண்ணி எழுந்துபோகிறவர்களும் உண்டு.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை; சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு பெரிய அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட். அதற்கு முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய். உயர்கல்வியில் சேருவோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்வது இது. அதே கணக்கில் நாட்டின் சராசரி 28.4 சதவீதம்தான். இத்தனை பேரைக் கல்லூரிக்குள் கொண்டுவந்த மாநிலம், அவர்கள் கையில் எந்திரத்தையும் கொடுப்பது நியாயமான அடுத்த அடி. ஆனால், எந்திரம் வந்துவிட்டால் கம்ப்யூட்டர் எழுத்தறிவும் கூடவே வந்துவிடுமா?

கல்லூரி மாணவர்களும் கம்ப்யூட்டரும் சந்தித்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கதையைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எந்திரத்தோடு தனியாக, கேட்பாரில்லாமல், தப்புத் தப்பாக எதையாவது செய்துகொண்டு உட்கார நேரம் கிடைத்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். கிடைக்காதவர்கள் பாஸ் பண்ணினார்கள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இல் ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. அன்றைக்கு நாட்டில் இருந்த பெரிய கம்ப்யூட்டர்களில் அதுவும் ஒன்று. ஆனால் அன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராமைத் தாளில் எழுத வேண்டும். பிறகு அட்டையில் துளை போட வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு 80 இடங்கள். அட்டைக்கட்டை ரப்பர் பேண்ட் போட்டு ஜன்னலில் நீட்டினால், உள்ளே இருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வார். விடை பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சடித்த தாளாக வரும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் விடைக்குப் பதில் பிழைச்செய்தி. திருத்தி, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி ஒரு நாள்.

கட்டு கீழே விழுந்து அட்டைகள் கலைந்தால் என்ன ஆகும் என்ற கிலியில், கட்டின் பக்கவாட்டில் குறுக்காக ஒரு பேனாக்கோடு போட்டு வைப்பார்கள். கலைந்தாலும் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம். உலகம் முழுக்க அட்டைக்காலத்து மாணவர்கள் கைக்கொண்ட தந்திரம் இது. அந்தத் தலைமுறைக்குக் கம்ப்யூட்டர் மேல் இருந்தது மரியாதையும் பயமும். தவறு செய்வதற்கு விலை ஒரு நாள் என்றால், யாருக்குத்தான் விளையாட்டாகத் தோன்றும்? யோசித்து, சரிபார்த்து, மறுபடி சரிபார்த்துத்தான் கொடுப்பார்கள். அதனால் அவர்களிடம் ஒரு நறுவிசு வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அது பொறியியல், இயற்பியல், கணிதம் படித்த சிலருக்கு மட்டும். வரலாறோ பொருளாதாரமோ படித்த மாணவருக்கு அந்த ஜன்னல் இருப்பதே தெரியாது.

அதே காலத்தில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள். 1964 மே 1ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு அவர்களுடைய பேசிக் மொழியில் எழுதிய முதல் புரோகிராம் ஓடியது. பேசிக் என்ற மொழியைப் பலருக்கும் தெரியும். எங்கள் தலைமுறையில் பள்ளியில் படித்தவர்களும் உண்டு. அதைவிட முக்கியம் அதன் பின்னால் இருந்த முடிவு. டார்ட்மத் மாணவர்களில் கால்வாசிப் பேர்தான் அறிவியல், பொறியியல் பக்கம் போகிறவர்கள். மீதி முக்கால்வாசிப் பேருக்கும் கம்ப்யூட்டர் தெரிய வேண்டும் என்றார்கள் இருவரும். நூலகத்தில் அலமாரிகளைத் திறந்துபோட்டு எந்தப் புத்தகத்தையும் எடுத்துப்பார் என்று விடுவதைப் போல, கம்ப்யூட்டரையும் திறந்துவிட வேண்டும் என்பது கெமெனியின் வாதம். எதற்காக வந்தாய் என்று கேட்கக்கூடாது, காசும் வாங்கக்கூடாது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டைம் ஷேரிங் முறையை அங்கே எழுதி ஓடவிட்டதில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கும் பங்கு உண்டு. பையன்கள் அதில் விளையாட்டுகள் எழுதினார்கள். யாரும் திட்டவில்லை.

அட்டையும் ஜன்னலும் அமெரிக்காவிலும் மற்ற கல்லூரிகளில் இருந்தவைதான். இரண்டு ஏற்பாடுகளுக்கும் பின்னால் இருந்த மனநிலை வேறு. ஒன்றில் எந்திரத்தின் நேரம் விலை உயர்ந்தது. மற்றதில் மாணவரின் நேரம் விலை உயர்ந்தது. நம் ஊர்க் கல்லூரிகள் எந்திரம் மலிந்த பிறகும் முதல் மனநிலையை விடவில்லை. என் வாதமே அதுதான்.

செருப்பு வெளியே

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கல்லூரியில் படித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் லேப் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகள். உள்ளே ஏ.சி.; கல்லூரி முதல்வர் அறையில்கூட ஏ.சி. இல்லாத காலம் அது. தூசி பட்டால் எந்திரம் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். வெல்வெட் உறை, பிளாஸ்டிக் கவர், சில இடங்களில் ஆயுத பூஜைக்கு மானிட்டர் நெற்றியில் சந்தனப் பொட்டு. ஓர் எந்திரத்துக்கு மூன்று பேர். நடுவில் உட்கார்ந்தவர் டைப் அடிப்பார், இருபுறமும் இருப்பவர்கள் பார்ப்பார்கள். நடு நாற்காலி எப்போதும் ஒருவருக்கே போகும். இருபாலர் கல்லூரி என்றால் அது பெரும்பாலும் ஆண். ஃப்ளாப்பியை வெளியிலிருந்து கொண்டுவரத் தடை, வைரஸ் வந்துவிடுமாம். டிபேஸ், வேர்டுஸ்டார், லோட்டஸ் என்ற மென்பொருள்கள், கோபோல் மொழி: இவைதான் பாடம். எதைத் தொட்டாலும் 'தொடாதே' என்று ஒரு குரல் பின்னாலிருந்து வரும்.

பயத்தைப் பாடமாகவே நடத்தினோம் என்று சொன்னால் மிகையில்லை. அப்போது மற்ற நாடுகளிலும் இந்தப் பயத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1984இல் பிரெண்டா லாய்ட், கிளாரிஸ் கிரெசார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் பற்றிய மனப்பான்மையை அளக்க ஒரு கேள்வித்தொகுப்பு செய்தார்கள். பதற்றம், தன்னம்பிக்கை, விருப்பம் என்று மூன்றாகப் பிரித்தார்கள்; பின்னால் 'பயன்' என்ற நான்காவதையும் சேர்த்தார்கள். அதை வைத்தும் அதைப் போன்றவற்றை வைத்தும் பல நாடுகளில் மாணவர்களைக் கேட்டபோது பொதுவாகத் தெரிந்த சேதி, பழக்கம் கூடக்கூடப் பதற்றம் குறைகிறது என்பது. இதற்கு ஆய்வு வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும்தான், ஏனென்றால் பழக்கத்தைத் தடுத்துக்கொண்டே பதற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்ட நிறுவனங்கள் நிறைய.

வீட்டிலும் வேறு வகைப் பயம். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று எல்.ஐ.சி.யிலும் வங்கிகளிலும் தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் எதிர்த்தன. வங்கிகளில் கணினிமயத்துக்கு ஒப்பந்தம் ஏற்பட்டதே 1983இல்தான். ரயில்வே முன்பதிவு 1986இல் டெல்லியில் கம்ப்யூட்டருக்கு மாறி, பிறகு சென்னைக்கும் வந்தது. நம்மில் பல குடும்பங்கள் கம்ப்யூட்டர் என்ற வஸ்துவை நேரில் பார்த்தது அந்த டிக்கெட் கவுன்ட்டரில்தான். அதைப் பற்றிப் படித்தது வாரப் பத்திரிகைகளில், முக்கியமாக சுஜாதாவின் எழுத்தில். பத்தே ஆண்டில் பேச்சு தலைகீழானது. 'கம்ப்யூட்டர் வந்தா வேலை போயிடும்' என்ற அதே அப்பா, 'கம்ப்யூட்டர் படிச்சா வேலை நிச்சயம்' என்று மகளின் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டினார்.

மணிக்கு இவ்வளவு

தொண்ணூறுகளின் இரண்டாம் பாதியில் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளை ஒட்டிய மாடிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தன. என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், எஸ்.எஸ்.ஐ., சி.எஸ்.சி. என்று பெரிய பெயர்கள். அவற்றைப் பார்த்துச் சின்னப் பெயர்கள். டி.சி.ஏ., ஹெச்.டி.சி.ஏ., பி.ஜி.டி.சி.ஏ. என்று டிப்ளமோக்கள். காலையில் பி.ஏ., மாலையில் ஹெச்.டி.சி.ஏ. என்று ஒரு தலைமுறையே ஓடியது. கல்லூரி கொடுக்காததை வெளியே காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதுதான் இதன் பொருள். 2000ஆம் ஆண்டுக்காகப் பழைய புரோகிராம்களைத் திருத்திய ஒய்2கே அலையில் சிலர் கரை சேர்ந்தார்கள். 2001இல் அமெரிக்கச் சந்தை விழுந்தபோது பலர் சான்றிதழோடு நின்றார்கள். அந்தச் சென்டர்களைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு நன்மையை மறுக்க முடியாது: காசு கொடுத்த மாணவருக்கு அங்கே ஒரு எந்திரம், ஒரு மணி நேரம், தனியாக. பக்கத்தில் தட்டிவிட ஆளில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பிரௌசிங் சென்டர் வந்தது. பிளைவுட் தடுப்பு, கிறீச்சிடும் மோடம், மணிக்கணக்கில் கட்டணம். நாங்கள் சின்ன வயதில் வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றது இப்படித்தான்: நேரம் முடிவதற்குள் விழுந்து எழுந்துவிட வேண்டும். கல்லூரி மாணவன் யாஹூவில் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கினான், பாஸ்வேர்டை மறந்தான், மறுபடி ஒன்று உண்டாக்கினான். ரிசல்ட் பார்த்தான். ரெஸ்யூமே அனுப்பினான். சாட்டில் முன்பின் தெரியாதவரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினான். டைப்பிங் வேகம் வந்தது அதனால்தான். பாடத்திட்டத்தில் இல்லாத ஆங்கிலமும் கொஞ்சம் வந்தது.

'உண்டாக்கினான், மறந்தான், பேசினான்' என்று ஆண்பாலில் எழுதுவது தற்செயல் இல்லை. தடுப்பு போட்ட அறைக்குள் பெண்பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த ஊர்கள் இவை. அண்ணனோ தம்பியோ கூடப் போக வேண்டும். கூடப் போனவன் மவுஸைத் தன் கையில் வைத்துக்கொள்வான். ஆக, பிரௌசிங் சென்டர் தந்த அந்த ஒரு மணி நேரச் சுதந்திரம் மாணவிகளில் மிகச் சிலருக்கே வாய்த்தது.

ரெக்கார்டு நோட்டு

இத்தனையும் வெளியே நடந்துகொண்டிருக்க, கல்லூரிக்குள் என்ன நடந்தது? ரெக்கார்டு நோட்டு எழுதினார்கள்.

வெளியாட்களுக்கு இதை விளக்குவது கடினம். கம்ப்யூட்டர் லேப் வகுப்பில் மாணவர் முதலில் அப்சர்வேஷன் நோட்டில் புரோகிராமைப் பேனாவால் எழுதுவார். அதைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து, ஓடினால் கையெழுத்து வாங்குவார். பிறகு ரெக்கார்டு நோட்டில் அதே புரோகிராமை வலப்பக்கம் நீல மையில் எழுதி, இடப்பக்கம் பென்சிலால் ஃப்ளோ சார்ட் வரைந்து, 'ஆகவே, புரோகிராம் சரிபார்க்கப்பட்டது' என்று ரிசல்ட் எழுதி, மறுபடி கையெழுத்து வாங்குவார். ஆக, கையால் எழுதியது இரண்டு முறை, கம்ப்யூட்டரில் செய்தது ஒரு முறை. செமஸ்டர் முடிவில் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் வருவார். சீட்டுக் குலுக்கி எடுக்கும் பத்துப் பன்னிரண்டு புரோகிராம்களில் ஒன்று விழும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தவர் பாஸ். தியரித் தேர்வில் கம்ப்யூட்டரின் தலைமுறைகள் ஐந்தையும் எழுதினால் பத்து மதிப்பெண். முதல் தலைமுறையில் வால்வு, இரண்டாவதில் டிரான்சிஸ்டர் என்று ஒப்பிக்கும் மாணவருக்கு, தன் முன்னால் இருக்கும் எந்திரத்தில் எவ்வளவு ராம் இருக்கிறது என்று எங்கே பார்ப்பது எனத் தெரியாது.

இதன் உச்சம் டர்போ சி. சி மொழியில் புரோகிராம் எழுத, போர்லண்ட் நிறுவனம் டாஸ் காலத்தில் வெளியிட்ட மென்பொருள். நீலத்திரை, மவுஸ்கூட அவ்வளவாக வேண்டாம். அந்த நிறுவனமே அதைக் கைகழுவிய பிறகும், இருபது ஆண்டுகளுக்கு மேல் நம் லேப்களில் அது ஓடியது. புதிய விண்டோஸில் ஓடாதபோது, பழைய டாஸைப் போல நடிக்கும் இன்னொரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் இதை ஓடவைத்தார்கள். சிலபஸ் மாறாததால் லேப் மேனுவல் மாறவில்லை, மேனுவல் மாறாததால் மென்பொருள் மாறவில்லை, எல்லாம் மாறினால் ஆசிரியர் புதிதாகப் படிக்க வேண்டும். வேலைக்குப் போன முதல் வாரத்தில், டர்போ சி பழக்கத்தில் 'வாய்ட் மெயின்' என்று எழுதிய பையனை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்த்ததற்கு அவனா பொறுப்பு? பள்ளிப் பாடத்திட்டம்கூட இதைவிட முன்னே போய்விட்டது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் 2019 முதல் பைத்தான் மொழி வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் துறைக்கே இந்த நிலை. அரசுக் கலைக் கல்லூரிகளில் மற்றத் துறை மாணவர்களுக்கு சி.எல்.பி. என்ற கணினி எழுத்தறிவு வகுப்பு நடந்ததைச் சிலர் நினைவு வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஓரிரு மணி. அதிலும் பாதி நேரம் கரும்பலகை.

படம் பார்த்த பாடம்

2011 செப்டம்பர் 15. திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் பிள்ளைகள் கைக்குப் போயின. உலகத்தில் எந்த மாநில அரசும் அவ்வளவு எளிதில் செய்துவிடாத காரியம். விற்றுவிட்டார்கள், அடகு வைத்தார்கள், படம்தான் பார்க்கிறார்கள் என்று செய்திகள் வந்தன. வந்ததெல்லாம் பொய்யில்லை.

ஆனால் படம் பார்த்தவன் என்னென்ன கற்றுக்கொண்டான் என்று யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. நண்பனிடமிருந்து பென் டிரைவில் படத்தை வாங்க, காப்பி பேஸ்ட் தெரிய வேண்டும். டிஸ்க் நிரம்பினால் எதை அழிப்பது என்று தெரிய வேண்டும். ஜிப் ஃபைலைப் பிரிக்க வேண்டும். ஓடாத ஃபார்மட்டுக்கு வேறு பிளேயர் தேட வேண்டும். பென் டிரைவோடு வைரஸும் வரும். அதை விரட்ட வேண்டும். கடைசியில் எல்லாம் நின்றுபோனால், சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸ் இயங்குதளம் கூடவே இருந்ததை மறந்து, விண்டோஸைப் புதிதாக ஏற்ற ஊர்க் கடையில் கற்றுக்கொள்ள வேண்டும். ஃபைல், ஃபோல்டர், டிரைவ் என்ற கம்ப்யூட்டரின் எலும்புக்கூடு அந்தத் தலைமுறைக்கு விரல்நுனியில் வந்தது இப்படித்தான். வீட்டில், இரவில், மதிப்பெண் இல்லாமல். லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வரவில்லை. அவர்களில் பெண்கள் அதிகம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

விரல் பழகியது, கை பழகவில்லை

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா தண்ணீர்பட்ட பாடாயிற்று. கம்ப்யூட்டர் வேண்டிய இடத்தில் எல்லாம் போன் உட்கார்ந்துகொண்டது. போனைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கவலையையே பயனரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்த படம் கேலரியில் இருக்கும், வந்த படம் வாட்ஸ்அப்பில் இருக்கும், வேண்டியதைத் தேடினால் வரும். வசதிதான். ஆனால் அதே பிள்ளை டெஸ்க்டாப் முன்னால் உட்காரும்போது, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற ஏற்பாடு அவன் மூளையில் இல்லை. இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. 2021இல் தி வெர்ஜ் என்ற அமெரிக்க இணைய இதழ், அங்குள்ள பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இதே புகாரைச் சொல்வதை விரிவாக எழுதியது. பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கே ஃபைலை எங்கே சேமித்தாய் என்ற கேள்வி புரியவில்லையாம்.

மார்க் பிரென்ஸ்கி 2001இல் 'டிஜிட்டல் நேட்டிவ்' என்று ஒரு பட்டம் கொடுத்ததிலிருந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. எஸ்டர் ஹார்கிட்டாய் என்ற சமூகவியலாளர் அதைச் சோதித்தார். 2009இல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தின் முதலாமாண்டு மாணவர்கள் 1,060 பேரிடம் கேட்டார். எல்லோரும் இணையத்தில் வளர்ந்தவர்கள். ஆனால் திறமையில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். பெற்றோர் அதிகம் படித்த வீட்டுப் பிள்ளைகள் முன்னால், மற்றவர்கள் பின்னால். இதற்கு முன்பே, 2001இல், அவரும் பால் டிமாஜியோவும் வெறும் கருவியை எண்ணினால் போதாது என்று எழுதியிருந்தார்கள். வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், பிறர் கண்காணிப்பு இல்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஹார்கிட்டாய் இன்னொன்றையும் கண்டார். இணையத்தில் வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 'உனக்கு எவ்வளவு தெரியும்' என்று கேட்டால் பெண்கள் தங்களைக் குறைத்துச் சொல்கிறார்கள்.

நம் நாட்டு எண்களுக்கு வருவோம். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் கிராமங்களில் சுமார் 4 சதவீதம், நகரங்களில் 23 சதவீதம். 15 முதல் 29 வயதுக்குள் கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்தவர்கள் கிராமங்களில் 24 சதவீதம், நகரங்களில் 56 சதவீதம். தமிழ்நாட்டின் பெரம்பலூர் உள்பட நாடு முழுவதும் 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்ட ஏசர் 2023 கல்வி ஆய்வில், பத்தில் ஒன்பது வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. கம்ப்யூட்டர் இருந்தது 9 சதவீத வீடுகளில். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள பிள்ளைகளில் 85 சதவீதம் பேருக்கு அதை இயக்கத் தெரிந்திருந்தது. இல்லாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் சொந்தமாக ஒரு போன் வைத்திருந்தவர்கள் 43.7 சதவீதம், பெண்களில் 19.8. இந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்குக் கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கொரோனா ஒரு கடுமையான வாத்தியாராக வந்து போனது. விடைத்தாளை வீட்டில் எழுதி, போட்டோ எடுத்து, பி.டி.எஃப். ஆக்கி, நேரத்துக்குள் அப்லோட் செய்ய வேண்டும் என்றதும் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே செமஸ்டரில் அதைக் கற்றுக்கொண்டார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டும் அரசு கொடுத்தது. ஆனால் எல்லாம் போனில்.

போட்டித் தேர்வு மட்டும் போனில் வருவதில்லை. ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வு, ரயில்வே, எஸ்.எஸ்.சி., கேட், எல்லாம் கம்ப்யூட்டரில். வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள். மவுஸைப் பிடித்துப் பழகாத பி.ஏ. வரலாறு மாணவிக்கு அங்கே முதல் எதிரி கணக்கு இல்லை, அம்புக்குறி. குரூப் 4 தேர்வில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போக வேண்டுமானால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்கான பயிற்சி பட்டப் படிப்பில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான் இன்றைக்கும் தருகிறது. மூன்று வருடம் பட்டம் படித்தவர், வேர்டும் எக்செல்லும் படிக்க இன்ஸ்டிட்யூட் மாடிப்படி ஏறுகிறார் என்பது கல்லூரிகளுக்கு வெட்கமாக இருக்க வேண்டும்.

தமிழ்த் துறையும் டி.டி.பி. கடையும்

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் மிக அதிகம் தேவைப்படும் மாணவர்கள் தமிழ்த் துறையில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஆய்வேடு அவர்களுக்கு நூற்றுக்கணக்கான பக்கம். கையால் எழுதி, பல்கலைக்கழகத்தின் எதிரில் உள்ள டி.டி.பி. கடையில் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டி, அவர்கள் பாமினி எழுத்துருவிலோ வானவில்லிலோ அடித்துத் தரும் பிழைகளைத் திருத்திக்கொண்டு அலைவது வழக்கம். எழுத்துரு மாறினால் எல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்99 விசைப்பலகையை அரசு தரப்படுத்தியது. மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் தானே வரும்; புள்ளியும் பல இடங்களில் தானே விழும். இரண்டு வாரம் உட்கார்ந்தால் கை பழகிவிடும். கால் நூற்றாண்டு கழித்தும், தமிழ் எம்.ஏ. முடித்த எத்தனை பேர் அதில் அடிக்கிறார்கள் என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். இப்போது போனில் பேசினால் எழுத்தாகிறது. நல்லதுதான், ஆனால் அடிக்குறிப்பையும் பொருளடக்கத்தையும் பேசி வரவழைக்க முடியாது.

2022 நவம்பர் கடைசியில் வந்த சாட்ஜிபிடி இந்தக் கதையில் புது அத்தியாயம். அசைன்மென்ட்டுகள் தானாக எழுதப்படுகின்றன. ரெக்கார்டு நோட்டு மட்டும் இன்னும் கையால். பயம் போய், எல்லாம் தெரியும் என்ற மிதப்பு வந்திருக்கிறது. வந்த விடை சரியா என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு அது ஏணி. தெரியாதவனுக்கு அதுவும் ஒரு டி.டி.பி. கடை.

சாவி யாரிடம்?

20 லட்சம் எந்திரங்கள் வரட்டும். அவற்றோடு கல்லூரிகள் செய்ய வேண்டியவை செலவு குறைந்தவை. லேப் நான்கு மணிக்குப் பூட்டப்படுகிறது. காரணம் கேட்டால் காலேஜ் பஸ் கிளம்பிவிடும் என்பார்கள். ஒரு பஸ் ஏழு மணிக்குக் கிளம்பட்டும், பெண்களுக்கும் சேர்த்து. எல்லாத் துறை மாணவருக்கும் லாகின் கொடுங்கள். என்ன செய்கிறாய் என்று ஒரு மணி நேரம் கேட்காமல் இருங்கள். ரெக்கார்டு நோட்டை நிறுத்துங்கள். பிராக்டிகல் தேர்வில் மனப்பாடப் புரோகிராமுக்குப் பதில், குழப்பிக் கொடுத்த ஒரு மதிப்பெண் பட்டியலைச் சீர்செய்யச் சொல்லுங்கள், தமிழில் ஒரு விண்ணப்பம் அடித்து மின்னஞ்சலில் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்திரம் கெட்டுப்போகும்தான். லேப் உதவியாளர் சரிசெய்வார். கூட நிற்கும் மாணவரும் கற்றுக்கொள்வார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகனுக்கும் மகளுக்கும் லேப்டாப் வந்தால், மகளுடையதைப் பத்திரமாக எடுத்து வைக்காதீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது அட்டெண்டன்ஸையும் அரியரையும் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும், என் பிள்ளை தனியாகப் போய் உட்காரலாமா என்று முதல்வரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.